மெடிக்கல் கடைப் பையன் சொல்லிக்கொடுத்த பால்

ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரம். எங்கள் வத்தலக்குண்டுப் பக்கத்தில் அந்த வாரத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நன்றாகவே பேசினார்கள். சீம்பாலைப் பீச்சிக் கீழே விடாதீர்கள், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுங்கள், ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. கூட்டம் கலைந்த பிறகு, பேசியவர்களில் மூத்தவரான ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "மேடையில வேணாம்மா. டப்பாப் பால் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புற குடும்பத்தை மட்டும் தனியாக் கூப்பிட்டு, எப்படிக் கலக்குறதுன்னு பத்து நிமிஷம் காட்டி விட்டா என்ன?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அத மட்டும் செய்யவே கூடாதுங்க. சொல்லிக்கொடுத்தா, அப்ப இது பரவாயில்ல போலன்னு எல்லாரும் டப்பாவுக்குப் போயிருவாங்க. நாமளே விளம்பரம் பண்ணுன மாதிரி ஆயிரும்."

அவர் நல்லவர். எத்தனையோ தாய்மாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் கட்டியதை இளக்கிவிட்டு, பிள்ளையை மார்பில் பொருத்தக் கற்றுக்கொடுத்தவர். அவர் சொன்னதை நர்சுகளிடமும், தன்னார்வலர்களிடமும், பத்திரிகையில் குழந்தை வளர்ப்பு எழுதுகிறவர்களிடமும் நான் கேட்டிருக்கிறேன். டப்பாப் பாலைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் தாய்ப்பாலுக்குச் செய்யும் தொண்டு என்பது நல்ல மனிதர்களின் கருத்தாக ஊன்றிவிட்டது. அது தவறு, அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவை இரண்டு கிலோகூட இல்லாத பிள்ளைகள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்கு இரட்டைப் பிள்ளை. மாதம் நிறையாமல் 34ஆவது வாரத்தில் பிறந்தன. ஒன்று 1.8 கிலோ, இன்னொன்று 1.6. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவம். அவள் பாலைப் பீச்சிப் பீச்சிக் கொடுத்தாள். இரண்டு வாய்க்கும் போதவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் சீட்டில் ஒரு பவுடரின் பெயரை எழுதிக்கொடுத்தார்கள். எப்படிக் கலக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "டப்பாவுலயே போட்டிருக்கும்" என்று பதில். வழியில் ஒரு மெடிக்கல் கடையில் வண்டியை நிறுத்தி வாங்கினோம். கடையில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். அவனிடம்தான் அவள் கேட்டாள். அவனும் உதவியாகத்தான் சொன்னான்: "வெதுவெதுப்பாத் தண்ணி எடுத்துக்கங்கக்கா. கேன் தண்ணின்னா காய்ச்சக்கூட வேணாம். ரெண்டு கரண்டி போட்டு நல்லாக் குலுக்குங்க."

மூன்று வாக்கியம், மூன்றும் பிழை. தண்ணீரின் சூடு பிழை. கேன் தண்ணீரை நம்பச் சொன்னது பிழை. இரண்டு கரண்டிக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்று சொல்லாமல் விட்டது எல்லாவற்றிலும் பெரிய பிழை. அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் கொள்கைக்காக வாயை மூடிக்கொண்டபோது அந்த வேலை அவன் தலையில் விழுந்தது. நம் மௌனம் டப்பாப் பாலை ஒழிக்கவில்லை. கற்றுக்கொடுக்கும் ஆளைத்தான் மாற்றியிருக்கிறது.

மௌனம் காக்கிறவர்கள் சட்டத்தைக் காட்டுவார்கள். சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப்பொருள், பாலூட்டும் புட்டி, குழந்தை உணவுச் சட்டம் 2003இல் திருத்தப்பட்டு இன்னும் கடுமையானது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு டப்பாவில் இருந்தாக வேண்டும். இவ்வளவும் சரி, இன்னும் கடுமையாக அமல்படுத்தினாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, சரியாகத் தயாரிக்கும் முறையையும் தவறாகத் தயாரித்தால் வரும் கேட்டையும் டப்பாவில் அச்சிட வேண்டும் என்கிறது. 8ஆம் பிரிவோ, சுகாதாரப் பணியாளர் தவிர வேறு எவரும் இந்தப் பாலைப் புகட்டும் முறையைத் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ செய்து காட்டக் கூடாது என்கிறது. செய்து காட்டும் பணியாளர், முறைதவறிப் பயன்படுத்துவதன் ஆபத்துகளையும் தெளிவாக விளக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. சட்டம் கடைக்காரரின் வாயைத்தான் கட்டியது. நர்சின் வாயைக் கட்டவில்லை. அவர் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. நாம் அதைத் தலைகீழாக்கி, நர்சை வாய்மூட வைத்துக் கடைக்காரரைப் பேசவிட்டிருக்கிறோம்.

இந்தச் சட்டத்துக்குத் தாயான சர்வதேச விதிமுறையும் இப்படித்தான். 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார மாமன்றம் ஏற்ற அந்த விதிமுறை, செயற்கைப் பால் தயாரிக்கும் விதத்தைச் சுகாதாரப் பணியாளர்கள், தேவைப்படும் குடும்பங்களுக்கு மட்டும் செய்து காட்ட வேண்டும் என்று வகுத்தது. டாக்டரம்மாவிடம் நான் கேட்டது அதற்கு மேல் ஒரு பிடிகூட இல்லை.

அந்த விதிமுறை எந்தக் கண்ணீரிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு ரோட்டரி சங்கத்தில் பேசினார். பால் விற்பவர்களின் விளம்பரத்தால் பிள்ளைகள் சாவதைக் கொலை என்றே சொன்னார். 1974இல் பிரிட்டனில் மைக் முல்லர் எழுதி வெளிவந்த சிறுநூலுக்குப் பெயர் 'குழந்தைக் கொலையாளி'. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. நர்ஸ் உடையில் விற்பனைப் பெண்களை அனுப்பி, ஏழைத் தாய்மாரைத் தாய்ப்பாலிலிருந்து பிரித்த நிறுவனங்களின் கதை அது. அந்தப் போராட்டக்காரர்கள் பக்கம்தான் நானும்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எதனால் செத்தன? தாய்ப்பாலின் காப்பை இழந்ததும், அழுக்குத் தண்ணீரும், கழுவ வசதியில்லாத புட்டியும், காசில்லாமல் பவுடரைக் குறைத்து நீர்க்கக் கரைத்ததும் சேர்ந்துதான் கொன்றன. இவற்றில் பின்னால் சொன்ன மூன்றும் தயாரிப்பில் நேர்ந்தவை. அந்த வரலாற்றைப் படித்துவிட்டு, தயாரிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே பாடம் என்று முடிவு கட்டினால், கொன்ற காரணங்களை அப்படியே விட்டுவைக்கிறோம் என்று அர்த்தம்.

"யாருக்கும் தேவைப்படாதுங்க. எல்லாத் தாய்க்கும் பால் இருக்கு" என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை. பால் பற்றவில்லை என்று நினைக்கும் தாய்மாரில் பலருக்குப் பற்றும்; பிள்ளையைப் பொருத்தும் விதத்தைத் திருத்தினால், அடிக்கடி குடிக்க விட்டால், வீட்டுப் பெரியவர்கள் நச்சரிப்பை நிறுத்தினால் போதும். ஆனால் எல்லோருக்கும் என்பது பொய். பிரசவத்தில் தாயை இழந்த பிள்ளை இருக்கிறது. தாய்க்குக் கடுமையான சிகிச்சை நடக்கும் பிள்ளை இருக்கிறது. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது, அதை இந்த வட்டாரத்து ஆட்கள் மறக்கக் கூடாது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண்ணாகப் பிறந்ததற்காகக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று அரசாங்கம் தொட்டில் போட்ட மண் இது. அந்தத் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலின் மகிமையைச் சொல்லி என்ன பயன்? அதைத் தூக்கி வளர்க்கும் கைக்குப் பால் கலக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் வேலைக்குப் போகும் பெண்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை போக வேண்டுமானால், மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். விடிகாலை இருட்டிலேயே தோட்டத்தில் நிற்க வேண்டும். நூற்பாலையில் ஷிப்டு. சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள்; பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது. பூப்பறிக்கும் பெண்ணுக்கு எந்த நிறுவனம் விடுப்பு கொடுக்கும்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் பொருளுமாகத் தவணை தவணையாக வரும் 18,000 ரூபாய் பெரிய உதவிதான்; ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார் பாலூட்டும் அறை 2015இலிருந்து இருக்கிறது. மல்லிகைத் தோட்டத்தில் இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை பாதிக்குச் சற்று மேலேதான். மீதிப் பிள்ளைகள் வேறு எதையோ குடிக்கின்றன.

அந்த 'எதையோ' என்பதில்தான் என் வயிறு கலங்குகிறது. பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிச் சர்க்கரை போட்டுப் புகட்டுகிறார்கள். ஒரு வயதுக்குள் பசும்பால் முக்கிய உணவாகக் கூடாது. அதிலுள்ள புரதமும் உப்புகளும் பச்சைப் பிள்ளையின் சிறுநீரகத்துக்குச் சுமை, இரும்புச் சத்தும் பற்றாது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு சங்கு பால் கறந்து வாங்கி, காய்ச்சாமலே பிள்ளை வாயில் விடுகிறார்கள். சர்க்கரைத் தண்ணீர் ஒரு பக்கம். டப்பாப் பாலைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பெண்கள் தாய்ப்பாலுக்குத் திரும்புவார்கள் என்று நினைக்கிறோம். திரும்புகிறவர்கள் திரும்புகிறார்கள். மற்றவர்கள் கிடைத்ததைக் கரைக்கிறார்கள்.

இனி, சொல்லாமல் விட்டது என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கே இதில் பாதி தெரியாது என்பது என் அனுபவம்.

டப்பாவில் இருக்கும் பவுடர் கிருமியற்றது என்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறோம். சீல் வைத்த டப்பா, உள்ளே அலுமினியத் தாள், படித்தவர்கள் தயாரித்தது. உண்மையில் பால் பவுடரை முழுக்கக் கிருமி நீக்கித் தயாரிக்கும் முறை இன்றைக்கு இல்லை. குரோனோபாக்டர் என்றொரு கிருமி காய்ந்த பவுடரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய குரோனஸ் என்ற கிரேக்கத் தெய்வத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 2001இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைமாதப் பிள்ளை ஒன்று இந்தக் கிருமியால் மூளை உறையில் அழற்சி வந்து இறந்தது. தேடியபோது, பிள்ளைக்குக் கொடுத்த பவுடரில் மட்டுமல்லாமல் அதே தொகுப்பில் திறக்காத டப்பாக்களிலும் கிருமி கிடைத்தது. 2022 பிப்ரவரியில் அபாட் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்துத் தொழிற்சாலையில் தயாரித்த பவுடர்களைத் திரும்பப் பெற்றதும் இந்தக் கிருமியைப் பற்றிய அச்சத்தால்தான். அரிதான நோய். ஆனால் வந்தால் பிழைப்பது கடினம், பிழைத்தாலும் மூளைக்குச் சேதம் மிஞ்சலாம். இரண்டு மாதத்துக்குட்பட்டவை, குறைமாதம், எடை குறைவு: இவற்றைத்தான் அது தேடிப் பிடிக்கிறது. எங்கள் இரட்டைப் பிள்ளைகள் மூன்றிலும் அடங்கியவை.

இதற்கு மருந்து சூடு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத தண்ணீரில் பவுடரைக் கலக்கச் சொல்கிறது. தண்ணீரில் இருக்கும் கிருமியைக் கொல்லக் கொதிக்கவைப்பது ஒன்று. பவுடரில் இருக்கும் கிருமியைக் கொல்ல அந்தத் தண்ணீர் இன்னும் சூடாக இருக்க வேண்டும் என்பது வேறொன்று. இந்த இரண்டாவதுதான் நம் ஊரில் எவர் காதிலும் விழவில்லை. காய்ச்சி ஆற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் என்று பல டப்பாக்களிலேயே போட்டிருக்கிறது. அந்த வெதுவெதுப்பு பவுடரில் இருக்கும் கிருமியைக் கொல்லாது. அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுக்கும். உடம்புச் சூட்டை ஒட்டிய பாலில் அரைமணிக்கு ஒருமுறை கிருமி இரட்டித்தால், ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரத்தைத் தாண்டும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் அடுக்களையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

சுடுதண்ணீரில் சத்துப் போய்விடும் என்பார்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையலாம். வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரிகள் கலந்த பவுடரென்றால் அவை சூட்டில் மடியும். வெதுவெதுப்பு என்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். பச்சைப் பிள்ளையின் உயிருக்கு எதிராக இதைத் தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா மகள் வீட்டு அடுப்படியில் நாங்கள் செய்தது இது. ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இறக்கி மூடி வைத்தோம். அப்படி மூடியிருந்தால் அரைமணி நேரத்துக்கு அந்த 70 டிகிரிச் சூடு நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் காய்ச்சினால் சீக்கிரம் ஆறிவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவி, வேகவைத்து எடுத்த டம்ளரில் முதலில் தண்ணீரை 60 மில்லிக்கு அளந்து ஊற்றினாள். பிறகு பவுடர். அவள் வாங்கிய டப்பாவில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, ஆகவே இரண்டு. கரண்டியைக் குவித்து எடுக்கக் கூடாது, அமுக்கியும் நிரப்பக் கூடாது. சுத்தமான கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட வேண்டும். ஒரு டப்பாவின் கரண்டி இன்னொரு டப்பாவுக்கு ஆகாது. கலக்கியதும் டம்ளரைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில், தண்ணீர் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி வைத்தாள். இந்த ஆற்றும் வேலையை விட்டால் பிள்ளை வாய் வெந்துபோகும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. கொதிக்கும் தண்ணீரிலிருந்து பிள்ளை வாய்வரை கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

புகட்டியது பாலாடையில். புட்டியின் ரப்பரில் இருக்கும் ஓட்டையும் மூடியின் மரையும் பால் தங்கி ஊறும் இடங்கள். பாலாடையில் ஒளிவதற்கு மூலையே இல்லை. நம் பாட்டிமார் சங்கிலும் பாலாடையிலும் புகட்டியதைப் பழசு என்று ஒதுக்கிப் புட்டிக்குப் போனோம். இன்று குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் நர்சுகள் பாலாடையைத்தான் கையில் எடுக்கிறார்கள். புட்டியை விட்டுக் கோப்பையில் கொடுங்கள் என்றுதான் உலக நிறுவனங்களும் சொல்கின்றன. பாலாடையையும் டம்ளரையும் கழுவி, முழுக்க மூழ்கும் தண்ணீரில் போட்டு, கொதி வந்த பின் பத்து நிமிடம் விட்டால் முடிந்தது.

கேன் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அந்தப் பையன் சொன்ன மூன்றில் இதைத்தான் படித்தவர்களும் சொல்கிறார்கள். 20 லிட்டர் கேன் எத்தனை வீடு போய் வந்தது, எப்படிக் கழுவப்பட்டது, மூடி திறந்து எத்தனை நாள் என்பது யாருக்கும் தெரியாது. வடிகட்டிய தண்ணீரென்றாலும் காய்ச்சித்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வட்டாரங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலான இடங்கள் இருக்கின்றன. பற்களில் பழுப்புக் கறையோடு திரியும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. பால் கலக்க போர்த் தண்ணீரை விட்டு, குழாயில் வரும் குடிநீரைக் காய்ச்சிக்கொள்வது மேல். இதைக் கூட்டத்தில் சொன்னால் எந்தக் கம்பெனிக்கு விளம்பரம்?

நீர்க்கக் கரைப்பதற்கு வருவோம். எதிர்த்தரப்பு என்னோடு கை கோத்திருக்க வேண்டிய இடம் இது. நாளைக்கு 600 மில்லி குடிக்கும் பிள்ளைக்கு 20 கரண்டி. கரண்டிக்கு நாலரை கிராம் என்று வைத்தால் 90 கிராம். 400 கிராம் டப்பா நாலரை நாள்கூட வராது. மாதத்துக்கு ஏழு டப்பா. விலை டப்பாவிலேயே இருக்கிறது, பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கூலிக்காரக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கை யாரும் முதல் நாளே போட்டுக் காட்டுவதில்லை. மூன்றாவது டப்பாவில் பணம் தீர்கிறது. ஒரு கரண்டியில் இரண்டு பங்கு தண்ணீர் சேர்கிறது. வயிறு நிறைந்த பிள்ளை அழாது, ஆனால் எடை ஏறாது. மிகவும் நீர்த்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். மாறாக, பிள்ளை கொழுக்க வேண்டுமென்று ஒரு கரண்டி கூடுதலாகப் போடும் வீடுகளும் உண்டு. அங்கே உடம்பின் நீர் வற்றும். இந்தக் கணக்கை நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை போட்டுக் காட்டட்டும். மாதம் ஏழு டப்பா, நாளைக்கு எட்டு முறை தண்ணீர் கொதிக்கவிடுவது, எட்டு முறை பாத்திரம் வேகவைப்பது. இதைக் கேட்ட பெண்களில் எத்தனை பேர், "இதுக்கு மார்லயே போட்டுப் பாக்குறேன்" என்று திரும்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? டப்பாப் பாலின் உண்மையான பாரத்தைச் சொல்வது அதற்கு விளம்பரமாகாது. பாரம் தெரியாமல் இருப்பதுதான் கம்பெனிக்குச் சாதகம்.

"படிக்காத பொம்பளைக்கு எழுபது டிகிரி புரியுமா?" என்று ஒருவர் கேட்டார். இந்தக் கேள்விதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. 1971இல் வங்காளத்தின் போங்கானில் அகதி முகாமில் காலரா. ஊசிவழி ஏற்றும் மருந்து தீர்ந்தபோது டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து வைத்து, நோயாளியின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. எல்லாவற்றையும் இழந்து சேற்றில் படுத்திருந்த அந்த மனிதர்களை அவர் நம்பினார். இன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று நம் கிராமப் பெண்கள் சரியாகச் சொல்கிறார்கள், கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகப் போய்ச் சொன்னதால். கரைசல் சொல்லிக்கொடுத்தால் வயிற்றுப்போக்கு பெருகும் என்று யாரும் பயப்படவில்லை. இட்லி மாவு புளித்ததை மணத்திலும், பாகு பதத்தைக் கம்பியிலும், எண்ணெய் காய்ந்ததைக் கடுகிலும் அறிகிற பெண்ணுக்கு, கொதித்து இறக்கி மூடிய பாத்திரத்தில் அரைமணிக்குள் எடு என்பது புரியாதா?

மீதிப் பாலைப் பற்றியும் எங்கும் சொல்லப்படுவதில்லை. கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வாய் வைத்த பால் மிஞ்சினால் எடுத்துவைக்கக் கூடாது. கலந்த உடனே குளிரவைத்து, வாய் வைக்காமல், 5 டிகிரிக்கு மேல் போகாத பிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். ஆனால் கரண்டு போய்ப் போய் வரும் ஊரில் பிரிட்ஜை நம்பி ராத்திரிப் பாலைச் சாயங்காலமே கலந்து வைப்பது வேண்டாம். நல்ல பிளாஸ்கில் கொதிநீரை ஊற்றி வைத்து, பவுடரை அளந்து உலர்ந்த டப்பியில் தனியாக வைத்து, பிள்ளை விழித்ததும் கலப்பதே நல்லது. கொடைக்கானல் பஸ்ஸோ மதுரை பஸ்ஸோ ஏறுகிறவர்களுக்கும் இதுதான் வழி. திறந்த டப்பாவை அடுப்புப் பக்கத்திலும் பிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. ஈரக் கரண்டியை உள்ளே போடக் கூடாது. திறந்த தேதியை மூடியில் எழுதி, டப்பாவில் சொன்ன கெடுவுக்குள், எப்படியும் ஒரு மாதத்துக்குள், தீர்த்துவிட வேண்டும்.

இவ்வளவையும் சொல்ல எனக்கு ஐந்தாறு பத்தி ஆனது. கையில் ஒரு டம்ளரும் பாலாடையும் பேர் ஒட்டாத ஒரு டப்பாவும் வைத்துக்கொண்டு காட்டினால் பத்து நிமிடம் ஆகும். தாய்ப்பால் வாரத்தில் மேடையேறுகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தை. சீட்டில் பவுடர் பெயர் எழுதுகிற கை, எழுதுவதற்கு முன் தாய்ப்பாலுக்காக முடிந்த எல்லாவற்றையும் செய்து பார்க்கட்டும். எழுதத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், அந்தத் தாயோ, பாட்டியோ, அப்பனோ ஒருமுறை தங்கள் கையாலேயே கலந்து காட்டிய பிறகு வீட்டுக்கு அனுப்பட்டும்.

அக்கா மகள் வீட்டில் ஒருநாள் ராத்திரி மூன்று மணி. பெரியவன் குடித்துவிட்டான். சின்னவள் பாதியில் தூங்கிப்போனாள். டம்ளரில் முப்பது மில்லி போல மிச்சம். அவள் மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏத்தா, அவ்வளவு காசு போட்டு வாங்குனது. மூடி வையி, விடிஞ்சதும் குடுக்கலாம்" என்றார். காசின் அருமை தெரிந்த கிழவி அவர். அவர் சொன்னதில் தப்பு காண முடியாது. அக்கா மகள் ஒரு நிமிடம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கொல்லைக் கதவைத் திறந்து, பாலை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, பாலாடையைக் கழுவிச் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.